வார்டுக்குள் செல்லும் பூ

இந்த ஆண்டு நான் அச்சிட்டிருக்கும் வாழ்த்து அட்டையின் முகப்பில் ஒரே ஒரு பான்சிப் பூவின் புகைப்படம் இருக்கிறது; உள்ளே ஓர் எழுத்துகூட அச்சிடப்படவில்லை. வேலூர் வெயிலில் ஒரு கோடையைக்கூடத் தாண்ட முடியாத குளிர்நாட்டுப் பூவை இந்த ஊரில் இருந்துகொண்டு ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும், நம் மல்லிகைக்கும் சாமந்திக்கும் என்ன குறை என்று அட்டையை வாங்கிப் பார்த்த உறவினர்கள் கேட்டார்கள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த அட்டை யாருக்காக, எந்த இடத்தில் வைக்கப்படுவதற்காகச் செய்யப்பட்டதோ, அந்த இடத்துக்குப் பான்சியைவிடப் பொருத்தமான பூ வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இது நலம் விசாரிக்கும் அட்டை. வேலூரில் குடியிருப்பவர்களுக்கு நலம் விசாரிக்கப் போவது ஏறக்குறைய அன்றாடக் கடமை. அமெரிக்க மருத்துவரான ஐடா ஸ்கடர் அம்மையார் இங்கே 1900-இல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருந்தகம் 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக உயர்ந்து, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் பெற்று, இன்று சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) என்று நாடு முழுவதும் அறியப்படும் நிறுவனமாக வளர்ந்திருப்பதால், காட்பாடி ரயில் நிலையத்தில் கையில் மருத்துவக் கோப்புடன் இறங்கும் வெளியூர்க்காரரைப் பார்க்காத நாள் இல்லை. காந்தி ரோட்டு லாட்ஜுகளின் பெயர்ப்பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து இருப்பதும் அதனால்தான். உறவினர், உறவினரின் சம்பந்தி, பழைய அலுவலக நண்பரின் தாயார் என்று யாராவது ஒருவர் சிகிச்சைக்காக வந்து தங்கியிருப்பார். நாமும் டிபன் கேரியரில் ரசம் சாதத்தையும், பையில் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் சாத்துக்குடியையும் எடுத்துக்கொண்டு பார்க்கும் நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்போம்.

பூவை மட்டும் எடுத்துச் செல்ல முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெறுபவர்களைப் போல நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் இருக்கும் அறைகளிலும் புதுப்பூவையும் தொட்டிச் செடியையும் மருத்துவமனைகள் அனுமதிப்பதில்லை. பூச்சாடி நீரிலும் தொட்டி மண்ணிலும் கிருமிகளும் பூஞ்சைகளும் வளரக்கூடும் என்பதே காரணம். அது நியாயமான காரணம். என் பெரியம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தபோது பார்க்க வந்த அத்தையை, "பூவை எடுத்து வெளிய வச்சிட்டு உள்ள வாங்கம்மா" என்று செவிலியர் மென்மையாகச் சொன்னார். அத்தை கொண்டையிலிருந்த முல்லைச் சரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெள்ளைச் சுவரும் பச்சைத் திரையும் தவிர வேறு நிறமில்லாத அந்த அறையில் பெரியம்மாவின் கண்களுக்கு ஒரு பூவாவது தெரிந்திருக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு வந்தது. காகிதத்தில் அச்சான பூவுக்கு எந்த வார்டிலும் தடை இல்லை.

அட்டைக்கு எந்தப் பூ என்பது அடுத்த கேள்வி. இதை நோயாளியின் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். படுக்கைக்குப் பக்கத்திலுள்ள சிறிய அலமாரியின் மேல், மருந்து டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே அட்டை நிற்கிறது. படுத்திருப்பவர் கழுத்தை முழுவதும் திருப்ப முடியாமல், கண்ணாடியும் அணியாமல், ஒரு மீட்டர் தூரத்திலிருந்து அதைப் பார்க்கிறார். நேதாஜி மார்க்கெட்டில் முழம் போட்டு விற்கும் மல்லிகையும் முல்லையும் மணத்தால் வாழ்கிற பூக்கள். மணத்தை எடுத்துவிட்டு அவற்றைச் சிறிய படமாக்கினால் அந்தத் தூரத்தில் வெறும் வெள்ளைத் திட்டாகவே தெரியும். சாமந்தியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருக்கும். ரோஜா தன் நடுவை இதழ்களுக்குள் மறைத்துக்கொள்கிறது. பான்சிக்கு மேல், கீழ் என்ற திசை உண்டு. ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்த இரண்டு இதழ்கள் மேலே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இதழ்கள் நடுவே, அகலமான ஓர் இதழ் கீழே என ஐந்து இதழ்களும் ஏறக்குறைய ஒரே தளத்தில் விரிந்து பார்ப்பவரை நோக்கி நிற்கின்றன. நடுவில் மஞ்சள் கண், அதைச் சுற்றிக் கருஞ்சிவப்போ கருநீலமோ ஆன பெரிய திட்டு, வெளியே வெளிர்நிற விளிம்பு. உலகெங்கும் மக்கள் இதை முகமுள்ள பூ என்று சொல்வது இந்த அமைப்பினால்தான். ஒரு மீட்டர் தூரத்திலும் அந்த முகம் கலையாமல் தெரிகிறது. தனியாகப் படுத்திருக்கும் ஒருவரைத் திரும்பிப் பார்க்கிற பூ அவருக்குத் துணையாக இருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

இன்று நாம் பார்க்கும் பெரிய பான்சி இயற்கையில் தானாக முளைத்தது அன்று. ஐரோப்பிய வயல்வெளிகளில் களையாகக் கிடந்த மூவண்ண வயோலா என்ற சிறு பூச்செடியை மற்ற வயோலா இனங்களுடன் கலந்து, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் உருவாக்கிய கலப்பினம் அது. பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஐவர் என்ற ஊரில் கேம்பியர் பிரபுவின் தோட்டத்தைக் கவனித்துவந்த வில்லியம் தாம்சன் இந்த வேலையில் முக்கியமானவர். முந்தைய பூக்களின் நடுவில் மெல்லிய கருங்கோடுகள் மட்டுமே இருந்தன. அந்தக் கோடுகள் பரவித் திட்டாக மாறிய செடியைக் கண்டெடுத்து, அதைப் போற்றி வளர்த்து, முகமுள்ள பான்சி வகைகளுக்கு வழி செய்த பெருமை தாம்சனுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. இப்போதும் சில வகைகளில் கோடுகள் மட்டுமே இருக்கும். தேனீக்குத் தேன் இருக்கும் வழியைக் காட்டும் கோடுகள் அவை; தேன் கீழ் இதழின் பின்புறம் நீண்டிருக்கும் சிறு குழலுக்குள் இருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வயலட் பூவை உலர்த்திப் பனஃப்ஷா என்ற பெயரில் யுனானி மருத்துவர்கள் சளிக்கும் இருமலுக்கும் கஷாயமாகத் தருவதால், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பான்சியின் நெருங்கிய உறவு ஒன்று ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கும்.

பூ அட்டைகளின் வரலாறும் ஏறக்குறைய பான்சியின் வயதுடையதே. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு அச்சிட்டதைத்தான் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையாகக் கொள்கிறார்கள். வண்ணக் கல்லச்சு மலிவானதும் விக்டோரியா காலத்து அட்டைகளில் ரோஜாவும் வயலட்டும் பான்சியும் நிறைந்தன. நம் ஊருக்கு வாழ்த்து அட்டை என்றால் பொங்கல்தான். சிவகாசியில் அச்சான கரும்பும் பானையும், லட்சுமியும் நடிகர்களும் தை பிறக்கும் முன்பே கடைவீதித் தள்ளுவண்டிகளில் வந்து குவிந்த காலம் என் தலைமுறையோடு முடிந்துவிட்டது. அந்த அட்டைகளின் மேல் எனக்குப் பெரும் அன்பு உண்டு. ஆயினும் உள்ளே அச்சிட்டிருந்த வாசகம் அட்டையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதால், அனுப்புகிறவருக்குக் கையெழுத்துப் போட மட்டுமே இடம் மிஞ்சியது.

பான்சியைப் படமெடுக்க மலையேறத்தான் வேண்டும். அதற்கு ஏற்ற பகல் வெப்பம் ஏறக்குறைய 20 டிகிரிக்குள். அதைத் தாண்டி வெப்பம் நீடித்தால் தண்டு நீண்டு, பூ சிறுத்து, இலை மஞ்சளாகிவிடும். வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பக்கத்திலிருக்கும் ஏலகிரி ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் நமக்கு இதமாக இருந்தாலும், பான்சிக்குக் கோடையில் அந்தக் குளிர்ச்சி போதாது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். 1848-இல் தொடங்கப்பட்ட அங்கிருக்கும் அரசு தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க்காட்சிக்காகத் தொட்டிகளில் பான்சியை வளர்த்துக் கேலரிப் படிகளில் வரிசையாக அடுக்கிவைப்பார்கள். தரையில் நட்ட பான்சிச் செடி ஒரு சாண் உயரம்தான் இருக்கும் என்பதால் அதன் முகத்துக்கு நேராகக் கேமராவை வைக்க மண்ணில் படுக்க வேண்டியிருக்கும். படிகளில் இருக்கும் தொட்டியிலோ பூ நம் கண் உயரத்திலேயே நிற்கிறது. கூட்டம் சேர்வதற்கு முன், காலையில் மேகம் மூடியிருக்கும்போது போய்விட வேண்டும்.

மேகம் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பான்சியின் இதழ் வெல்வெட்டுத் துணிபோலத் தோன்றுவது, அதன் மேற்பரப்புச் செல்கள் ஒவ்வொன்றும் நுண்ணிய கூம்பாகப் புடைத்திருப்பதால்தான். அந்தக் கூம்புகள் ஒளியை உள்ளே வாங்கி நிறத்தை ஆழமாக்குகின்றன. நேர் வெயில் பட்டால் ஊதா கறுத்துப்போய், நடுவிலுள்ள மஞ்சள் வெளுத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள நுணுக்கம் முழுவதும் தொலைந்துவிடும். மேகம் இல்லாத நாளில் பூவுக்கும் வெயிலுக்கும் குறுக்கே மெல்லிய வெள்ளை வேட்டித் துணியை ஒருவர் பிடித்துக்கொண்டாலே போதும். பூ கருமையாக இருப்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எனவே எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவைச் சற்றுக் குறைத்து, மஞ்சளின் நிறம் காப்பாற்றப்படுகிறதா என்று மட்டும் கவனித்தால் மற்றவை தாமாகச் சரியாகிவிடும்.

பான்சியின் இதழ்கள் ஒரே தளத்தில் இருப்பது படமெடுப்பவருக்குப் பெரிய உதவி. கேமராவின் முகத்தைப் பூவின் முகத்துக்கு இணையாக வைத்துவிட்டால் எஃப் 5.6 அல்லது எஃப் 8 அப்பெர்ச்சரிலேயே (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பின் அளவு) இதழ் முழுவதும் தெளிவாக விழுந்து, பின்னணி இலைகள் கரைந்துவிடும். ஃபோகஸை இதழின் விளிம்பில் வைக்காமல் நடுவில் வைக்க வேண்டும். அங்கே பார்க்க அவ்வளவு இருக்கிறது: பக்கத்து இதழ்கள் இரண்டும் தொடங்கும் இடத்தில் வெளிர்மஞ்சள் மயிர்க்கற்றைகள் இரண்டு, அவற்றுக்கு நடுவே குண்டூசித் தலை அளவில் இளம்பச்சைச் சூல்முடி, அதன் கீழே மஞ்சளிலிருந்து புறப்பட்டுக் கருந்திட்டுக்குள் போய்க் கரையும் கோடுகள். மயிர்க்கற்றையின் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிகிற படமே அட்டைக்கு உகந்த படம் என்பது என் அளவுகோல்.

விலை உயர்ந்த கேமரா இல்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. நான் அச்சிட்ட அட்டை மடித்த நிலையில் 10.5 சென்டிமீட்டர் அகலமும் 14.8 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. நான்கு பக்கமும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் பார்த்தால் முகப்புப் படத்துக்கு வேண்டியது ஏறக்குறைய 1,311-க்கு 1,819 பிக்சல்தான். மொத்தம் 24 லட்சத்துக்குள் அடங்கிவிடும். சாதாரணக் கைப்பேசியின் படம் ஒரு கோடி பிக்சலைத் தாண்டுகிறது. ஆனால் கைப்பேசிகள் தாமாகவே நிறத்தை ஏற்றி விளிம்புகளைக் கூர்மையாக்கி விடுவதால் வெல்வெட்டுத் தன்மை போய்ப் பிளாஸ்டிக் பூப்போல ஆகிவிடுகிறது. அந்தத் திருத்தங்களை நிறுத்திவைக்க வழியிருந்தால் நிறுத்திவிடுவது நல்லது. பூவை அட்டையில் அதன் உண்மையான அளவுக்கே, அதாவது ஆறு சென்டிமீட்டர் அகலத்துக்கே வைத்தேன். விளிம்பு வரை பெரிதாக்கினால் கடை விளம்பரம் போல ஆகியிருக்கும். இருக்கிற அளவிலேயே நிற்கும்போது கையில் எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

அச்சகத்தில்தான் உண்மையான போராட்டம். கல்யாணப் பத்திரிகையும் பிட் நோட்டீசும் அடிக்கும் ஒரு சிறிய அச்சகத்தில் கொடுத்தேன். படத்தைத் திரையில் பார்த்ததும் அங்கிருந்த தம்பி, "இந்த ஊதா கம்ப்யூட்டர்ல தெரியிற மாதிரி பேப்பர்ல வராதுக்கா, நீலமாப் போயிடும்" என்றார். அவர் சொன்னது முழுவதும் சரி. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கொண்டு ஊதாவைக் காட்டுகிறது; அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளிலிருந்து அதை உண்டாக்க வேண்டும். மைகளால் எட்ட முடியாத ஊதாக்கள் பல இருக்கின்றன, பான்சியின் ஊதா அவற்றைச் சேர்ந்தது. சயானும் மெஜந்தாவும் சம அளவில் சேர்ந்தால் கண்ணுக்கு நீலமே தெரியும் என்பதால், மெஜந்தாவை நூறு சதவீதத்துக்கு அருகில் வைத்துச் சயானை எழுபது, எழுபத்தைந்து சதவீதத்துக்கு இறக்க வேண்டும். அப்படிச் செய்து, கருந்திட்டில் கறுப்பு மையையும் அளவோடு குறைத்து, பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சை, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ட்யூப் லைட்டுக்குக் கீழே பார்த்து நிறத்தை முடிவு செய்யக் கூடாது என்று அந்தத் தம்பியே வற்புறுத்தினார். தன் வேலையை மதிக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது இந்த அட்டைக்குக் கிடைத்த பாக்கியம்.

அட்டையின் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில், ஒரு பக்கம் மட்டும் பளபளப்புப் பூச்சுள்ள அட்டையைக் கேட்டு வாங்கினேன். இரண்டு பக்கமும் பூச்சிருந்தால் உட்புறத்தில் மைப்பேனாவால் எழுதியது ஈரம் காயாமல் ஈஷிக்கொள்ளும். முகப்புக்குப் பளபளப்பான லேமினேஷன் வேண்டாம் என்று சொல்லி மேட் லேமினேஷன் செய்தேன்; வார்டின் விளக்கு வெளிச்சம் பட்டுப் படம் கண்ணைக் கூசச் செய்யாமல் இருக்க அதுதான் வழி, பான்சியின் இதழுக்கும் அந்த மங்கல் பொருந்துகிறது. 13-க்கு 19 அங்குலத் தாளில் நான்கு அட்டை கிடைக்கும். தாளின் இழை ஓடும் திசையிலேயே மடிப்பு விழும்படி அடுக்கி, முதலில் கிரீசிங் (மடிப்பு விழும் இடத்தில் அழுத்திய கோடு) போட்ட பிறகே மடிக்கச் சொல்ல வேண்டும். இல்லையேல் அடர்நிறம் இருக்கும் மடிப்பில் மை விரிசல் விட்டு வெள்ளைக் கோடு தெரியும்.

உட்புறத்தை வெறுமையாக விட்டதற்குப் பலரும் காரணம் கேட்டார்கள். வேலூர் வார்டு ஒன்றில் அடுத்தடுத்த படுக்கைகளில் தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி பேசுபவர்கள் இருக்கிறார்கள். எந்த மொழியில் வாசகத்தை அச்சிட்டாலும் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அது அந்நியம். அதைவிட முக்கியமான காரணம், நோயுற்றவருக்கு எழுதும் சொல்லை அவரை அறிந்தவரே எழுத வேண்டும் என்பது. "விரைவில் நலம் பெறுக" என்ற பொதுச் சொல்லைவிட, "உங்கள் மாடியில் துளசிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன், கவலைப்படாதீர்கள்" என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எழுதுவது படுத்திருப்பவருக்கு எவ்வளவு தெம்பைக் கொடுக்கும்! பின்புறத்தில் மட்டும் சிறிய எழுத்தில் "பான்சி, ஊட்டி, மே" என்று அச்சிட்டேன். அட்டையைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது இது என்ன பூ என்பதைத்தான். அந்தக் கேள்வியிலிருந்து பேச்சு தொடங்கினால், நோயைப் பற்றிய பேச்சு சற்று நேரம் தள்ளிப்போகும்.

தபாலில் அனுப்ப விரும்புகிறவர்களுக்காக எடையையும் பார்த்துவிட்டேன். அட்டை ஒன்பது கிராமுக்குச் சற்று மேல், உறை ஏறக்குறைய நான்கு கிராம். 20 கிராமுக்குள் அடங்குவதால் 5 ரூபாய் தபால்தலை போதும். மருத்துவமனை முகவரிக்கு அனுப்புவதைவிட, நோயாளியுடன் தங்கியிருக்கும் துணையாளர் இருக்கும் லாட்ஜ் அல்லது வீட்டு முகவரிக்கு அனுப்புவதே பாதுகாப்பு, ஏனெனில் படுக்கை எண் அடிக்கடி மாறும்.

அடுத்த அட்டைக்கு வெளியூர் போகப்போவதில்லை. பான்சியைப் போலவே மேல், கீழ் என்ற திசையுள்ள, நடுவில் மஞ்சளும் வெள்ளையும் கலந்த கண்ணுள்ள பூ ஒன்று நம் வேலிகளிலேயே இருக்கிறது: சங்குப்பூ. மழை முடிந்து கொடி தழைத்ததும், காட்பாடிப் பக்கத்து வேலி ஒன்றில் விடியற்காலையில் அதைப் படமெடுக்க எண்ணியிருக்கிறேன். அதன் நீலம் பான்சியின் ஊதாவைவிட அச்சுக்குக் கடினமாக இருக்கும் என்று அச்சகத் தம்பி இப்போதே சொல்லிவிட்டதால், இம்முறை ப்ரூஃபுக்கு இன்னும் கூடுதலாக நாள் ஒதுக்கியிருக்கிறோம்.